"விளங்கினா சரிதானே சேர்?": விமானங்கள் பேசும் ஆங்கிலத்தின் கதை



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும் நேரம் பார்த்து வாசியுங்கள். வீட்டில் ஓ.எல்., ஏ.எல். படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

போன வாரம் பதினோராம் ஆண்டு வகுப்பில் முன்னிடைச்சொற்கள் படிப்பித்துக்கொண்டிருந்தேன். 'அட்' எங்கே வரும், 'டூ' எங்கே வரும், 'இன்' எங்கே வரும் என்று பலகையில் எழுதி முடித்தபோது பின்வாங்கிலிருந்து ஒரு மகன் எழும்பிக் கேட்டார்:

"சேர், அட் போட்டா என்ன, டூ போட்டா என்ன? சொல்ல வந்தது விளங்கினா சரிதானே?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "பரீட்சையில் புள்ளி போகும் மகன்" என்று சொல்லிக் கடந்து போனேன். அது ஒரு சோம்பேறிப் பதில். அன்றிரவே அந்தப் பதில் என்னைக் குத்தியது.

காரணம் என்னுடைய பழைய மாணவர் ஒருவர். ஓ.எல். ஆங்கிலத்தில் 'ஏ' எடுத்தவர். இப்போது வளைகுடா நாடொன்றின் விமான நிலையத்தில் பொதி ஏற்றி இறக்கும் வேலை. அங்கேயே நின்றுவிடாமல், விமானத்துறைக்கான ஆங்கிலப் பரீட்சை ஒன்றுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். அன்றிரவு அவரிடமிருந்து குரல் பதிவு வந்தது: "சேர், பேப்பர்ல இலக்கணம் கேட்டா எனக்குப் பிழை போகாது. ஆனா ஹெட்செட்டப் போட்டுக்கிட்டு ஆக்கள் கதைக்கிறதக் கேட்டா ஒண்டும் பிடிபடுதில்ல. ரெண்டாந் தடவையும் செவிமடுத்தல்லதான் விழுந்திட்டன்."

அவருக்கு அந்த 'ஏ'யைத் தேடிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் என் வகுப்பில் அவர் ஒரு நாளாவது ஆங்கிலத்தைக் காதால் கேட்டுப் பழகினாரா? இல்லை. நான் கேட்க வைக்கவில்லை.

ஒருவர் இலக்கணம் எதற்கு என்கிறார். மற்றவர் இலக்கணம் இருந்தும் காது இல்லை என்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான். அந்தப் பதிலை உலகம் மிகப் பெரிய விலை கொடுத்துப் படித்தது. அந்த வரலாற்றைத்தான் இன்று எழுதுகிறேன்.

வானத்துக்கு ஒரு மொழி தேவைப்பட்ட கதை

விமானங்கள் பறக்கத் தொடங்கிய முதல் ஆண்டுகளில் வானொலியே இல்லை. கொடியாலும் விளக்காலும் சைகை காட்டினார்கள். வானொலி வந்ததும் முதல் பிரச்சினை மொழிதான். இலண்டனுக்கு அருகிலிருந்த குரொய்டன் விமான நிலையத்துக்கும் பாரிஸின் லு புர்ஜே நிலையத்துக்கும் இடையில்தான் அன்று நெருக்கமான போக்குவரத்து. ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் பிரெஞ்சு. ஆபத்து நேரத்தில் இரு பக்கமும் உடனே விளங்கக்கூடிய ஒரு சொல் வேண்டும் என்று 1920களின் தொடக்கத்தில் குரொய்டனில் வானொலி அதிகாரியாக இருந்த ஃபிரெடெரிக் ஸ்டான்லி மொக்ஃபர்ட் என்பவரிடம் கேட்கப்பட்டது. 'எனக்கு உதவுங்கள்' என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லின் ஓசையை எடுத்து அவர் 'மேடே' என்றார். இன்றுவரை உலகம் முழுதும் விமானி உயிராபத்தில் மூன்று முறை சொல்லும் சொல் அதுதான். வான்மொழியின் அந்த முதற்சொல், ஆங்கிலக் காதுக்காகவும் பிரெஞ்சுக் காதுக்காகவும் சேர்த்துச் செய்யப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1944 டிசம்பர் 7ஆம் திகதி, 52 நாடுகள் சிக்காகோவில் கூடி சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. அதிலிருந்து பிறந்ததுதான் மொன்ட்ரியலைத் தலைமையகமாகக் கொண்ட சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு. ஆங்கிலத்தில் 'ஐக்காவோ' என்பார்கள். சுதந்திரம் பெற்ற 1948இலேயே நமது நாடும் அதில் சேர்ந்துகொண்டது. 1951இல் அந்த அமைப்பு, சர்வதேசப் பறப்பில் வானொலிப் பேச்சுக்கு ஆங்கிலத்தைப் பயன்படுத்துமாறு பரிந்துரைத்தது. ஆங்கிலம் உயர்ந்த மொழி என்பதல்ல காரணம். போரில் வென்றவர்களும், விமானம் செய்து விற்றவர்களும், அன்று அதிகம் பறந்தவர்களும் ஆங்கிலம் பேசினார்கள். அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆங்கிலத்தைத் தேர்ந்தவர்கள் அதை அப்படியே விட்டுவிடவில்லை. காதுக்கு ஏற்ப மாற்றினார்கள். 'பீ', 'டீ', 'ஜீ', 'ஈ' எல்லாம் இரைச்சலில் ஒன்றுபோலக் கேட்கும். அதற்காக ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சொல் வைத்தார்கள். 1951இல் போட்ட பட்டியலில் 'எனு'க்கு 'நெக்டார்' என்ற சொல் இருந்தது. அது 'விக்டர்' என்பதோடு குழம்பியது. 31 நாட்டவர்களை வைத்துக் கேட்டுப் பார்த்துப் பட்டியலைத் திருத்தினார்கள். 1956 மார்ச் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த அந்தப் பட்டியல்தான் இன்று நாம் கேட்கும் அல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா. 'நெக்டார்' போய் 'நவம்பர்' வந்தது. இலக்கங்களுக்கும் உச்சரிப்பு வகுத்தார்கள். 'ஃபைவ்' என்பதை 'ஃபைஃப்' என்றும், 'நைன்' என்பதை 'நைனர்' என்றும் சொல்லச் சொன்னார்கள். இரண்டும் ஒன்றோடொன்று குழம்பிவிடக் கூடாது என்பதற்காக.

'யெஸ்', 'நோ' என்ற சொற்களும் போய் 'அஃபர்ம்', 'நெகட்டிவ்' வந்தன. நம்மவர்களுக்கு இது ஏன் நல்லது தெரியுமா? "நீ சாப்பிடல்லியா?" என்று கேட்டால் நாம் "ஓம், சாப்பிடல்ல" என்போம். ஆங்கிலேயர் அதே இடத்தில் "நோ" என்பார். நமது 'ஓம்' அவருக்கு நேரெதிராகப் போய்ச் சேரும். ஆங்கிலம் பேசினாலும் நம் தலைக்குள் தமிழ் இலக்கணந்தான் ஓடும். அவசரத்தில் இன்னும் வேகமாக ஓடும். இதற்கு உலகம் கொடுத்த விலையைத்தான் அடுத்ததாகச் சொல்லப்போகிறேன்.

ஒரு முன்னிடைச்சொல்லும் 583 உயிர்களும்

1977 மார்ச் 27. ஸ்பெயினுக்குச் சொந்தமான கனேரித் தீவுகளில் ஒன்றான தெனரிஃபே. அருகிலிருந்த கிரான் கனேரியா விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பெரிய விமானங்கள் பல லொஸ் ரொடெயோஸ் என்ற இந்தச் சிறிய நிலையத்துக்குத் திருப்பி விடப்பட்டன. இடமில்லாமல் நெருக்கி நிறுத்தினார்கள். பின்னேரம் மூடுபனி இறங்கியது. கோபுரத்திலிருந்து ஓடுபாதை தெரியவில்லை. தரையில் நிற்கும் விமானங்களைக் காட்டும் ராடாரும் அங்கே இல்லை. எல்லாம் காதை நம்பித்தான்.

ஒல்லாந்தின் கே.எல்.எம். போயிங் 747 ஒன்று ஓடுபாதையின் முனையில் புறப்பட ஆயத்தமாக நிற்கிறது. அதே ஓடுபாதையில் அமெரிக்காவின் பான் ஆம் 747 ஒன்று எதிர்த்திசையில் ஊர்ந்து வருகிறது. பான் ஆமை மூன்றாவது திருப்பத்தில் வெளியேறச் சொன்னார்கள். விமானிகளுக்கு 'தேர்ட்' என்றாரா 'ஃபர்ஸ்ட்' என்றாரா என்று சந்தேகம். திருப்பிக் கேட்டார்கள். கட்டுப்பாட்டாளர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியே சொன்னார். அப்படியும் பனிக்குள் அந்தத் திருப்பத்தைத் தவற விட்டார்கள்.

இந்த நேரத்தில் கே.எல்.எம்.முக்குப் பறந்த பின் செல்லவேண்டிய பாதை பற்றிய அனுமதி வாசிக்கப்பட்டது. அது புறப்படுவதற்கான அனுமதி அல்ல. ஆனால் அதற்குள் 'டேக்-ஓஃப்' என்ற சொல் இருந்தது. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லி, முடிவில் "வீ ஆர் நவ் அட் டேக்-ஓஃப்" என்றார்.

'அட் டேக்-ஓஃப்'. கோபுரத்தில் இருந்த ஸ்பானியருக்கு அது 'புறப்படும் இடத்தில் நிற்கிறோம்' என்று கேட்டது. ஒல்லாந்து மொழியில் ஒரு செயல் நடந்துகொண்டிருக்கிறது என்பதைச் சொல்ல, 'அட்' போன்ற ஒரு முன்னிடைச்சொல்லைப் போட்டு அதன் பின் வினையைப் போடுவார்கள். மொழியியலாளர்கள் சொல்லும் விளக்கம் இதுதான்: அவர் சொல்ல வந்தது 'நாங்கள் இப்போது புறப்பட்டுக்கொண்டிருக்கிறோம்' என்பது. நாவில் வந்தது ஆங்கிலச் சொல். அடியில் ஓடியது தாய்மொழி இலக்கணம்.

கட்டுப்பாட்டாளர் "ஓகே" என்றார். ஒரு சிறு இடைவெளி. பிறகு "புறப்படக் காத்திருங்கள், நான் கூப்பிடுவேன்" என்றார். அதே நொடியில் பான் ஆம் விமானி, தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பேசினார். ஒரே அலைவரிசையில் இரண்டு குரல்கள் மோதி வெறும் கீச்சொலி ஆயிற்று. கே.எல்.எம். அறைக்குள் தெளிவாகக் கேட்டது அந்த 'ஓகே' மட்டும்.

விமானம் ஓடத் தொடங்கிவிட்டது. பின்னால் இருந்த விமானப் பொறியியலாளருக்கு மட்டும் சந்தேகம். பான் ஆம் இன்னும் ஓடுபாதையை விட்டுப் போகவில்லையா என்று கேட்டார். தலைமை விமானி அந்நிறுவனத்தின் மூத்த பயிற்றுநர். போய்விட்டது என்று அழுத்திச் சொன்னார். அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை.

583 பேர் மரணித்தார்கள். கே.எல்.எம்.மில் இருந்த 248 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. பான் ஆமில் 61 பேர் தப்பினார்கள். விமானப் போக்குவரத்தின் வரலாற்றில் இதைவிடப் பெரிய விபத்து இன்றுவரை இல்லை.

அவசரம், பனி, குண்டு, நெருக்கடி, மூத்தவரை மறுத்துப் பேசத் தயங்கிய மனம் என்று காரணங்கள் பல. அட் என்ற சொல் மட்டுந்தான் கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு வசனம் சரியாக இருந்திருந்தால், அந்த 'ஓகே' வந்திருக்காது. இதற்குப் பிறகு ஒரு விதி வந்தது: 'டேக்-ஓஃப்' என்ற சொல்லை, புறப்பட அனுமதி கொடுக்கும்போதும் அதை இரத்துச் செய்யும்போதும் மட்டும் சொல்லலாம். மற்ற எல்லா இடத்திலும் 'டிபார்ச்சர்' என்றே சொல்ல வேண்டும்.

ஆங்கிலேயரும் தப்பவில்லை

"அவர்களுக்கு ஆங்கிலம் தாய்மொழி அல்ல, அதுதான் பிரச்சினை" என்று நினைக்கலாம். 1989 பெப்ரவரி 19ஐப் பாருங்கள். சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு வந்த ஃபிளையிங் டைகர் சரக்கு விமானம். உள்ளே இருந்த விமானிகள் அமெரிக்கர்கள். மலேசியக் கட்டுப்பாட்டாளர் "டிஸென்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ" என்றார். அவர் சொன்னது 2,400 அடிக்கு இறங்குங்கள் என்று. அந்த 'டூ' இலக்கம் இரண்டு. விமானிகளின் காதில் அது முன்னிடைச்சொல் 'டூ' ஆகிவிட்டது. 400 அடிக்கு இறங்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு, "ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ" என்று திருப்பிச் சொன்னார்கள். அந்தப் பிழையைக் கட்டுப்பாட்டாளரும் பிடிக்கவில்லை. தரை நெருங்குகிறது என்று கருவி எச்சரித்தும் அவர்கள் ஏறவில்லை. விமானம் குன்றில் மோதியது. நான்கு பேரும் மரணித்தார்கள்.

தமிழில் எழுதும்போது பாருங்கள், இரண்டு 'டூ'வும் ஒன்றேதான். காதுக்கும் அப்படித்தான். 'டூ தௌசன்ட் ஃபோர் ஹன்ட்ரட் ஃபீட்' என்று முறைப்படி சொல்லியிருந்தால் குழப்பமே இல்லை. தாய்மொழிக்காரர் ஆங்கிலம் அறிந்தவர்தான். ஆனால் சரியாகச் சொல்வதும், கேட்டதைச் சரிபார்ப்பதும் வேறு ஒரு பயிற்சி.

சொல்லாமல் விட்ட சொல்

1990 ஜனவரி 25. கொலம்பியாவிலிருந்து நியூயோர்க்குக்கு வந்த அவியாங்கா விமானம். மோசமான காலநிலையால் மொத்தமாக ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானத்திலேயே சுற்ற வைத்தார்கள். எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. விமானிகள் 'முன்னுரிமை' வேண்டும் என்றார்கள். எரிபொருள் தீர்கிறது என்றும் சொன்னார்கள். தலைமை விமானி, நாம் அவசரநிலையில் இருக்கிறோம் என்று அவர்களிடம் சொல் என்று தன் மொழியில் துணை விமானிக்குச் சொன்னார். துணை விமானி வானொலியில் சொன்ன ஆங்கிலத்தில் இலக்கணப் பிழை பெரிதாக இல்லை. ஆனால் 'எமர்ஜென்சி' என்ற சொல் அதில் இல்லை. 'மேடே'யும் இல்லை. அமெரிக்கக் கட்டுப்பாட்டாளருக்கு, எரிபொருள் குறைவு என்று சொல்லும் பல விமானங்களில் இதுவும் ஒன்று. லோங் ஐலண்டில் இயந்திரங்கள் நின்று விமானம் விழுந்தது. 158 பேரில் 73 பேர் மரணித்தார்கள்.

'முன்னுரிமை' என்ற சொல் ஸ்பானிய மனதில் எவ்வளவு கனமாக இருந்ததோ, அமெரிக்கக் காதில் அவ்வளவு கனமாக இருக்கவில்லை. அகராதியில் இரண்டும் ஒன்றுதான். தொழிலில் வேறு. ஒரு மொழியைப் படிப்பது என்பது அதன் சொற்களின் எடையையும் படிப்பதுதான்.

நம் வீட்டுக் கதவைத் தட்டிய விபத்து

விமானம் என்றால் நமது சமூகத்துக்கு முதலில் நினைவு வருவது ஹஜ்ஜும் வெளிநாட்டு வேலையும்தான். 1974 டிசம்பர் 4ஆம் திகதி ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இந்தோனேசிய ஹாஜிகளைச் சுமந்து வந்த மார்ட்டின்எயார் விமானம் மஸ்கெலியாப் பக்கம் சப்த கன்னியர் மலையில் மோதி 191 பேரும் மௌத்தானார்கள். 1978 நவம்பர் 15ஆம் திகதி ஹஜ் முடித்துத் திரும்பிய இந்தோனேசியர்களைச் சுமந்த ஐஸ்லாந்து விமானம் கட்டுநாயக்க அருகே தென்னந்தோட்டத்தில் விழுந்து 183 பேர் மௌத்தானார்கள். மூத்தவர்கள் இன்றும் பேசும் சம்பவங்கள். அவற்றின் காரணங்கள் வேறு. மொழியின் மீது அந்தப் பழியைப் போட முடியாது. ஆனால் 1996இல் நடந்தது அப்படியல்ல.

1996 நவம்பர் 12. டெல்லியிலிருந்து தஹ்ரான், ஜித்தா நோக்கிப் புறப்பட்டது சவூதி விமான சேவையின் 747. உள்ளே 312 பேர். அவர்களில் பெரும் பகுதி பிழைப்புக்காகச் சவூதிக்குப் போனவர்கள். நம் தெருக்களிலிருந்து ஒவ்வொரு மாதமும் பை கட்டிக்கொண்டு போகிறார்களே, அவர்களைப் போன்றவர்கள். எதிரே கசகஸ்தானின் சரக்கு விமானம் ஒன்று டெல்லிக்கு இறங்கி வருகிறது. அதில் 37 பேர். வருவதற்கும் போவதற்கும் அன்று அங்கே ஒரே வான்பாதை. கோபுரத்து ராடார் உயரத்தைக் காட்டாத பழைய ராடார்.

கசக் விமானத்துக்கு 15,000 அடியில் நிற்கச் சொன்னார்கள். சவூதி விமானத்துக்கு 14,000 அடி. இடையில் 1,000 அடி இருந்தால் போதும். எதிரே 14 மைலில் ஒரு விமானம் வருகிறது என்று கசக் விமானத்துக்கு எச்சரிக்கையும் கொடுத்தார்கள்.

கசக் விமானத்தில் ஆங்கிலத்தில் பேசும் பொறுப்பு வானொலி இயக்குநர் ஒருவருக்கு. விமானத்தை ஓட்டியவர்கள் அவரின் மொழிபெயர்ப்பை நம்பியிருந்தார்கள். அவருக்கோ முன்னால் உயரமானி இல்லை. விமானிகளின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்க வேண்டும். போதாததற்கு அவர்கள் பழகியது மீற்றர், சொல்லப்பட்டது அடி. விமானம் 15,000இல் நிற்காமல் 14,000க்கு இறங்கியது. ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டும் மோதின. 349 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. அனுமதியில்லாமல் இறங்கியதே காரணம் என்று விசாரணை முடிவு செய்தது. கசக் குழுவினரின் ஆங்கில அறிவு போதாமையும் அதற்குத் துணைபோன காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது.

ஊரில் ஒருவர் கடிதம் எழுதத் தெரியாமல் மற்றவரிடம் எழுதிக் கேட்பதுண்டு. ஒரு சொல் மாறினால் கடிதம் மாறும். அங்கே வானம் மாறியது.

புத்தகத்துக்குள் வந்த பாடம்

இந்த விபத்துக்குப் பிறகு 1998இல் ஐக்காவோவின் பேரவை ஆங்கிலத் தேர்ச்சி பற்றி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. நிபுணர் குழு ஒன்று ஆராய்ந்தது. 2003 மார்ச்சில் புதிய விதிகள் ஏற்றுக்கொள்ளப்பட்டன. 2008 மார்ச்சுக்குள் எல்லா நாடுகளும் ஆயத்தமாக வேண்டும் என்றார்கள். பல நாடுகளால் முடியாததால் 2011 மார்ச் வரை அவகாசம் கொடுத்தார்கள்.

விதி இதுதான். சர்வதேசப் பறப்பில் ஈடுபடும் விமானியும் கட்டுப்பாட்டாளரும் ஆறு மட்டங்களில் குறைந்தது நான்காம் மட்டத்தில் இருக்க வேண்டும். சோதிக்கப்படுவது ஆறு விடயங்கள்: உச்சரிப்பு, இலக்கண அமைப்பு, சொல்வளம், சரளம், கேட்டு விளங்குதல், உரையாடல். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சராசரி எடுக்க மாட்டார்கள். ஐந்தில் ஆறாம் மட்டம் எடுத்து, கேட்டு விளங்குதலில் மட்டும் மூன்றாம் மட்டம் எடுத்தால், உங்கள் மட்டம் மூன்று. நான்காம் மட்டக்காரர் மூன்று ஆண்டுக்கு ஒரு தடவையும், ஐந்தாம் மட்டக்காரர் ஆறு ஆண்டுக்கு ஒரு தடவையும் திரும்பச் சோதனைக்கு இருக்க வேண்டும்.

என் பழைய மாணவர் விழுந்த குழி இதுதான். அவருடைய இலக்கண மட்டம் அவரின் காதைக் காப்பாற்றவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உச்சரிப்பு ஆங்கிலேயருடையதைப் போல இருக்க வேண்டும் என்று அந்த விதி கேட்பதில்லை. தாய்மொழியின் சாயல் இருக்கலாம். விளங்குவதற்குத் தடையாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் நிதானமாக, மரபுத்தொடர் போடாமல் பேசப் பழக வேண்டும் என்று அதே வழிகாட்டல்கள் சொல்கின்றன. நமது நாட்டில் ஆங்கிலத்தைக் 'கடுவ' என்பார்கள் சிங்களத்தில். வாள் என்று அர்த்தம். தெரிந்தவர் தெரியாதவரை வெட்டும் வாள். வானத்தின் ஆங்கிலம் வாள் அல்ல. அது இரண்டு பேர் பிடித்துக்கொள்ளும் கயிறு. ஒரு முனையில் இருப்பவர் கெட்டித்தனம் காட்டினால் மற்றவர் விழுவார்.

வேறு மொழிகளுக்கு அங்கே இடமில்லை என்றும் நினைக்க வேண்டாம். தரையிலுள்ள நிலையம் தன் மொழியில் பேசலாம். கேட்டால் ஆங்கிலம் கொடுக்க வேண்டும் என்பதுதான் விதி. கனடாவின் கியூபெக்கில் பிரெஞ்சிலும் பேசலாம் என்பதற்கு எதிராக 1976இல் விமானிகள் வேலைநிறுத்தமே செய்தார்கள். பிறகு ஆணைக்குழு ஆராய்ந்து, இரு மொழியிலும் பாதுகாப்பாக நடத்தலாம் என்று முடிவு செய்தது. ஆனால் அதே 1976 செப்டெம்பர் 10ஆம் திகதி யூகோஸ்லாவியாவின் ஸாக்ரெப்புக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 176 பேர் மரணித்தபோது, கடைசி நொடிகளில் கட்டுப்பாட்டாளர் பதற்றத்தில் ஆங்கிலத்தை விட்டுத் தன் தாய்மொழிக்கு மாறிவிட்டார். மற்ற விமானத்திலிருந்த பிரித்தானிய விமானிகளுக்கு அந்த எச்சரிக்கை விளங்கவே வாய்ப்பில்லை. பயம் வரும்போது மனிதன் தாய்மொழிக்குத்தான் ஓடுவான். அதில் குற்றமில்லை. அதனால்தான் பயம் வருவதற்கு முன்பே பழக வேண்டும் என்கிறேன்.

நமக்குத் தெரிந்த முறைதான்

விமானிகள் எப்படிப் பழகுகிறார்கள் என்று தேடி வாசித்தபோது எனக்கு ஒரு சிரிப்பு வந்தது. கட்டுப்பாட்டாளர் ஓர் அறிவுறுத்தல் சொல்வார். விமானி அதைச் சொல்லுக்குச் சொல் திருப்பிச் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டாளர் அதைக் காது கொடுத்துக் கேட்டு, பிழை இருந்தால் உடனே திருத்த வேண்டும். சொல், திருப்பிச் சொல், கேட்டுத் திருத்து.

இது நமக்குப் புதிதா? மத்ரஸாவில் ஹஸ்ரத் ஓதுவார். பிள்ளை கேட்டுத் திருப்பி ஓதும். மஹ்ரஜ் பிழைத்தால் ஹஸ்ரத் விரலால் தட்டி நிறுத்துவார். மறுபடியும் ஓத வேண்டும். ஓர் எழுத்தின் ஓசை மாறினால் அர்த்தம் மாறும் என்று ஆறு வயதுப் பிள்ளைக்கும் நாம் சொல்லிக் கொடுக்கிறோம். பின்னேரம் மத்ரஸாவில் காதால் படிக்கும் அதே பிள்ளைக்கு, காலையில் பாடசாலையில் ஆங்கிலத்தைக் கண்ணால் மட்டும் படிப்பிக்கிறோம். கல்வியியற் கல்லூரியில் செவிமடுத்தல் பற்றி நானும் படித்துப் பரீட்சை எழுதியவன்தான். வகுப்புக்குள் வந்ததும் கடந்தகால வினாத்தாளுக்குள் புகுந்துவிட்டேன். பரீட்சை காதைச் சோதிக்காவிட்டால் ஆசிரியரும் காதை மறந்துவிடுகிறார். பிழை பிள்ளையில் இல்லை.

இந்த வாரம் தொடங்கியிருக்கிறேன். ஒவ்வொரு பாடத்திலும் முதல் பத்து நிமிடம் புத்தகம் மூடி. நான் ஒரு வசனம் சொல்வேன். ஒருவர் திருப்பிச் சொல்வார். மற்றவர் பிழை பிடிப்பார். பிறகு மின்விசிறியை முழு வேகத்தில் போட்டு, முதுகைக் காட்டி நின்று சொல்வேன். விமான அறை இரைச்சலுக்கு எங்கள் வகுப்பின் பழைய விசிறி குறைந்ததல்ல. முதல் நாள் முப்பது பேரில் நான்கு பேர்தான் முழு வசனத்தையும் பிடித்தார்கள். "விளங்கினா சரிதானே" என்று கேட்ட மகனிடம் தெனரிஃபே கதையைச் சொன்னேன். முழு வகுப்பும் அமைதி. முடிவில் அவர் கேட்டது இது: "சேர், அந்த மூணாவது ஆள், சந்தேகம் கேட்டாரே, அவரு இன்னொருக்கா கேட்டிருக்கலாமே?"

கேட்டிருக்கலாம் மகன். விளங்காவிட்டால் இரண்டாந் தடவை கேட்பது வெட்கமில்லை என்பதையும் நான்தான் உங்களுக்குப் படிப்பித்திருக்க வேண்டும். விமானிகளுக்கு அதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: 'ஸே அகெய்ன்'. திரும்பச் சொல்லுங்கள். எவ்வளவு பெரிய தலைமை விமானியும் அதைச் சொல்லலாம். நமது வகுப்புகளில் பிள்ளைகள் சொல்லப் பயப்படும் வசனம் அதுதான்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் கையில் எப்படியும் ஃபோன் இருக்கிறது. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் ஆங்கிலச் செய்தி கேட்க வையுங்கள். எழுத்து இல்லாமல். கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளை சொல்வதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் இருங்கள். விமான நிலையங்களில், கப்பல்களில், வைத்தியசாலைகளில் வேலை செய்யும் நமது ஊர்ச் சகோதரர்கள் விடுமுறையில் வரும்போது ஒரு தடவை எங்கள் வகுப்புக்கு வந்து பேசுங்கள். எந்தச் சொல் உங்கள் தொழிலில் எவ்வளவு எடை என்று பிள்ளைகள் உங்கள் வாயால் கேட்கட்டும்.

என் பழைய மாணவர் மூன்றாந் தடவை பரீட்சைக்கு இருக்கப் போகிறார். இப்போது ஒவ்வோர் இரவும் அவருக்கு நான் ஆங்கிலத்தில் ஒரு குரல் பதிவு அனுப்புகிறேன். அவர் திருப்பிச் சொல்லி அனுப்புகிறார். எட்டு வருடத்துக்கு முன்னர் கொடுத்திருக்க வேண்டிய பாடம். அவருக்காக துஆ செய்யுங்கள். எனக்காகவும்.

வஸ்ஸலாம்.